வெள்ளை வேட்டிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

மாதத்தில் வாய்க்கிற நல்ல ஓய்வு நாள் ஒன்றைக் கம்ப்யூட்டர் கடையில் கழிக்க வேண்டும் என்று ஜெயலெட்சுமியின் தலையில் எழுதியிருந்தது. பாசாருக்குக் கொண்டுபோகிற சக்கரப் பையில், கீரையும் மீனும் இருக்கவேண்டிய இடத்தில், கிழட்டுக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதற்குக் குளிருமோ என்னவோ, அவள் கணவர் பிச்சைமுத்து ஒரு பழைய துண்டை அதன்மேல் போர்த்தியிருந்தார். பினாங்கில் கொம்தார் பக்கத்துப் பேரங்காடியில் லிஃப்டுக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேறினார்கள். மேலே போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

ஆனாலும் அவள் முணுமுணுக்கவில்லை. இந்தப் பெட்டி சரியானால்தான் அவளுக்கு விடுதலை. பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக் கருவிக்குள் கண்ணை விட்டுக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறாள். நகக்கண்ணைவிடச் சின்னச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. இப்போதெல்லாம் ஷிப்ட் முடிந்து வந்தால் அடுப்பு நெருப்பைக்கூட ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. கண் எரிகிறது, கழுத்து திரும்ப மாட்டேனென்கிறது. இந்த வருஷக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று லைன் லீடர் நோர்மாவிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் விடியற்காலையில் ஃபேக்டரி பஸ் ஹாரன் கேட்காத ஒரு தூக்கம். அதற்கு வீட்டுக்காரரின் தொழில் நிற்காமல் ஓட வேண்டும்.

பிச்சைமுத்துவின் தொழில் பேனர். ஜெலுத்தோங் பிளாட்டில் அவர்கள் வீட்டின் சின்ன அறைதான் 'முத்து டிசைன்'. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கோயில் திருவிழா எதுவானாலும் பெயரையும் படத்தையும் கொடுத்துவிட்டால் போதும். பூமாலை, குத்துவிளக்கு, மயிலிறகு எல்லாம் போட்டு அச்சுக்கு அனுப்பிவிடுவார். பினாங்கில் பாதி மாப்பிள்ளைகளை நான்தான் சிவப்பாக்கினேன் என்று பீற்றிக்கொள்வார். அந்தப் பீற்றலுக்குத்தான் இந்த வருஷம் கண்ணேறு பட்டது.

முதலில் ஒரு கல்யாண பேனர். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி, நீலம் அதிகமாகப் போட்டு அலசியதுபோல் அச்சாகி வந்தது. அடுத்தது ஓர் அறுபதாம் கல்யாணம். பெரியவரின் நரைத்த தலை கத்தரிக்காய் நிறத்தில் மின்னியது. பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம், பெரியவர் சிரிக்கவில்லை. அச்சகத்தில் கேட்டால், நீங்கள் அனுப்பியதைத்தான் அச்சடித்தோம் என்றார்கள். பிச்சைமுத்து வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அப்போது, "கார்டு கெட்டுப்போயிருக்கும்லா, எத்தன வருஷமாச்சு வாங்கி," என்று முதலில் சொன்னவள் ஜெயலெட்சுமிதான். ஃபேக்டரியில் யாரோ அப்படிச் சொல்லக் கேட்டிருந்தாள். பிச்சைமுத்து அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அன்று முதல் வீட்டில் நடந்த எல்லாப் பிழைக்கும், படத்தைத் திரைக்குக் கொண்டுவருகிற அந்த கிராபிக்ஸ் கார்டுதான் பொறுப்பு.

புக்கிட் மெர்தாஜாமில் ஓர் அம்மன் கோயில். அதன் செயலாளர் புவனேஸ்வரன் வருஷம் முழுக்க வேலை கொடுக்கிறவர். அவர் இல்லாவிட்டால் முத்து டிசைனைப் பூட்டிவிட வேண்டியதுதான். போன வாரம் பிச்சைமுத்து கார்டின்மேல் பழியைப் போட்டபோது புவனேஸ்வரன் போனில் சொன்னது ஜெயலெட்சுமியின் காதிலும் விழுந்தது.

"அண்ணே, திருவிழா பேனர் வழக்கம்போல ஒங்களுக்குத்தான். ஆனா மொதல்ல சாம்பிள் அனுப்புங்க, நான் பார்த்தப்புறந்தான் அச்சுக்குப் போகணும். அம்மன் மொகத்துல மஞ்சள் கொறஞ்சா ஜனங்க என்னய உரிச்சு உப்புக்கண்டம் போட்ருவாங்க. இந்த வாட்டி சரியா வரலன்னா, கோவிச்சுக்காதீங்க, வேற ஆளப் பாத்துக்குறோம்."

அதனால்தான் இந்தப் படியேற்றம்.

கடையில் இருந்தவள் ஷாஹிரா என்ற மலாய்ப் பெண். முக்காட்டில் ஒரு ஸ்குரூடிரைவரைப் பென்சில்போல் செருகியிருந்தாள். பெட்டியின் மூடியைக் கழற்றியவள் குனிந்து பார்த்தாள். உள்ளே தூசியோடு தூசியாக விபூதி அப்பியிருந்தது. ஓரத்தில் குங்குமம் காய்ந்து கிடந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஜெயலெட்சுமி பெட்டிக்குப் பட்டை போட்டுப் பொட்டு வைத்து, முன்னால் சாம்பிராணியும் காட்டுவாள். காற்றாடி அதையெல்லாம் பயபக்தியோடு உள்ளே இழுத்து வைத்திருந்தது.

"மக்சிக், இது என்ன?" என்று அத்தையைக் கூப்பிடுவதுபோல் மலாயில் கேட்டாள் ஷாஹிரா.

"சாமிக்குப் போட்டது," என்று ஜெயலெட்சுமி மலாயிலேயே சொல்லிவிட்டுக் கூசிப்போனாள். பெண் சிரிக்காமல் தூரிகையால் தட்டிவிட்டாள். நல்ல வளர்ப்பு.

பிறகு அவள் மூன்று கார்டுகளை மேசையில் வைத்தாள். ஒன்று பழையது, கைமாறி வந்தது; விலை குறைவுதான், ஆனால் முன்பு வைத்திருந்தவன் அதை எவ்வளவு வதைத்தான் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது புதிது, சின்னது. தனியாக மின்கம்பி கேட்காது, இந்தக் கிழப்பெட்டிக்குள் இடிக்காமல் உட்காரும். மூன்றாவது பெரியது, இரண்டு காற்றாடி வைத்தது. அதைப் போட்டால் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும்.

"பக்சிக் கேம் விளையாடுவீங்களா?" என்று பிச்சைமுத்துவைக் கேட்டாள்.

"கேம் ஒண்ணும் இல்ல. கலர். எனக்குக் கலர் சரியா தெரியணும்," என்றார் அவர்.

"அப்படின்னா நடுவுல உள்ளதே போதும். அதுக்கு மேல போடுறது வீண்."

ஜெயலெட்சுமிக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துவிட்டது. விலை முந்நூறு வெள்ளியைத் தாண்டவில்லை. இதை மாட்டிக்கொண்டு போய், வழியில் ஒரு மீகோரெங் சாப்பிட்டு, வீட்டில் கொஞ்சம் படுக்கலாம் என்று மனம் கணக்குப் போட்டது. கட்டிலும் தலையணையும்கூடக் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன.

ஷாஹிரா நடுக் கார்டைச் செருகி, கடையின் சொந்தத் திரையில் இணைத்தாள். பிச்சைமுத்து சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கல்யாணப் படம் விரிந்தது. அவர் கைபடாத மூலப் படம். மாப்பிள்ளை, பொண்ணு, பின்னால் வாழைமரம். பிச்சைமுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இல்ல. இதுவும் மஞ்சளாத்தான் இருக்கு. வேட்டியப் பாரு, டீ கொட்டுன மாதிரி," என்றார்.

ஷாஹிரா திரையையும் அவரையும் பார்த்தாள். பெரிய கார்டை வேறொரு கம்ப்யூட்டரில் காட்டினாள். அங்கே இன்னொரு திரை, பளபளவென்று புதியது. பிச்சைமுத்து அதையும் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், தள்ளி நின்றும் பார்த்தார்.

"இதுலயும் அப்படித்தான். இன்னும் நல்ல கார்டு இல்லயா?"

இதற்கு மேல் உள்ளதெல்லாம் இந்தப் பெட்டியைவிட விலை அதிகம் என்றாள் ஷாஹிரா. பரவாயில்லை, காட்டு என்றார் அவர். குரலில் ஒரு பதற்றம் ஏறியிருந்தது. திருவிழாக் கடையில் சாமான் தேடும் பிள்ளைபோல் கண்ணாடி அலமாரியை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நடந்தார்.

ஜெயலெட்சுமி மட்டும் அந்த முதல் திரையின் முன்னாலேயே நின்றாள். வேட்டியைப் பார்த்தாள். அது வெள்ளை. மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. கடையில் மடிப்புக் கலையாமல் எடுத்த வேட்டி எப்படி இருக்குமோ அப்படி. அடுத்த திரையையும் போய்ப் பார்த்தாள். அதிலும் வெள்ளை.

ஃபேக்டரியில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு ஆள் தொடர்ந்து எல்லாச் சில்லையும் தள்ளுபடி செய்துகொண்டே போனால், சில்லைக் குப்பையில் போட மாட்டார்கள். அந்த ஆளை எழுப்பிவிட்டு வேறொருத்தியை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். சாமான் மாறியும் குறை மாறவில்லையென்றால் குறை சாமானில் இல்லை. இதை எத்தனையோ புதுப் பெண்களுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். இல்லாத மஞ்சளைப் போக்கத்தான் இவர் ஒவ்வொரு பேனரிலும் நீலத்தை ஏற்றியிருக்கிறார். வீட்டில் மட்டும் ஒரு வருஷமாக அது புத்தியில் ஏறவில்லை. ஏறவில்லை என்பதைவிட, ஏற அவள் விடவில்லை என்பதுதான் சரி. கார்டு என்றால் வாங்கிப் போட்டுவிடலாமே.

அவள் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். போன வாரம் வாங்கியது, இன்னும் தண்ணீர் படாதது. திரையில் இருந்த வேட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே வெள்ளை. பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் போனாள்.

"ஏங்க, மொகத்தத் தொடைங்க, வேர்த்து ஊத்துது."

அவர் கவனமில்லாமல் வாங்கினார். நெற்றிக்குக் கொண்டுபோனவர் முகம் சுளித்தார்.

"என்னா லெட்சுமி, பழுப்பேறிப்போன கைக்குட்டையத் தூக்கிட்டு வந்திருக்க. வீட்ல நல்லது இல்லயா?"

கைக்குட்டையின் ஓரத்தில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு இன்னும் பாதி ஒட்டியிருந்தது. அவர் விரல் அதில் பட்டது. தடவிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திடுக்கிடல் இல்லை. மாட்டிக்கொண்டோம் என்ற களைப்பு மட்டும் இருந்தது. இந்த மனுஷனுக்கு முன்பே தெரியும் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

ஷாஹிராவிடம் அவளே பேசினாள். சுத்தம் செய்ததற்கு என்ன கூலி என்று கேட்டாள். பெண் வேண்டாம் என்றாள். ஜெயலெட்சுமி வற்புறுத்திக் கொடுத்துவிட்டு, பெட்டிக்குத் துண்டைப் போர்த்தி, சக்கரப் பையில் ஏற்றினாள்.

கீழே பஸ் நிற்கிற இடத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார்கள். பஸ் ஒன்று வந்து போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் அதைத் தூக்கி வெளியே போடுகிற தெம்பில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"கண்ணாடி மாத்தப் போனேன்ல, நோன்புப் பெருநாளுக்கு முந்தி. கடைக்காரன் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, ரெண்டு கண்ணுலயும் புரை அங்கிள், மஞ்சளா மூடிட்டு வருது, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னான்."

"என்ட்ட ஏன் சொல்லல?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கண்ணன் நிபோங் திபால்ல கண்ணு ஆபரேஷன் பண்ணுச்சு. சீனி வியாதி இருந்துச்சு, கட்டுப்படுத்தாமயே போய்ப் படுத்துச்சு. ஒரு கண்ணு அதோட போச்சு. எனக்கும் சீனிதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது மட்டும் இல்ல. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொன்னா, ஐயோ பாவம், சரி பண்ணிட்டு வாங்கண்ணேம்பாங்க. பேனர் போடுறவனுக்குக் கண்ணு கெட்டுப்போச்சுன்னு சொன்னா, அடுத்த நிமிஷமே வேற ஆளுலா. நீ வேற, வருஷக் கடைசியில நிக்கப்போறேன்னு நாளு எண்ணிட்டிருக்க. அதக் கெடுப்பேனா நானு?"

"அதுக்காக? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பீங்களா?"

"கொஞ்சம் கார்டாவும் இருக்கலாம்னு நெனச்சேன் லெட்சுமி. பாதி கண்ணு, பாதி கார்டுன்னு. நெசமாத்தான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் சொல்லவில்லை. அவர் ஆடத் தெரியாதவரில்லை. கூடம் கோணல் என்று முதலில் சொன்னதும் அவரில்லை. அடுத்த பஸ் வந்ததும் எழுந்தாள்.

"ஏறுங்க. கார்டு வேணாம். அம்மன் பேனர இன்னைக்கே முடிப்போம்."

மீகோரெங்கும் இல்லை, படுக்கையும் இல்லை. வீட்டுக்கு வந்து ஆளுக்கு ஒரு தேத்தண்ணி கலக்கிவிட்டு, சமையலறை நாற்காலியைத் தூக்கி வந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பழைய கார்டு, பழைய திரை, பழைய மனுஷன். அம்மன் முகம் திரையில் பெரிதாக விரிந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"பச்ச பாய்ஞ்சிருக்கு. மஞ்சளக் கூட்டுங்க."

"எனக்கு இதுவே அதிகமாத் தெரியுதே."

"ஒங்களுக்குத் தெரியுறதச் சொல்லாதீங்க. நான் சொல்றதச் செய்யுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆ, நிறுத்துங்க. தாண்டிப் போயிடுச்சு, பின்னால வாங்க."

முதலில் சண்டைதான். முப்பது வருஷம் கலர் பார்த்தவனுக்கு நீ சொல்றியா என்று ஒருதரம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பிறகு தானாக வந்து உட்கார்ந்தார். விரல் அவருடையது, பார்வை அவளுடையது. வைக்கவேண்டிய இடத்தில் நிழலை வைப்பதும், எடுப்பான இடத்தில் எழுத்தைப் போடுவதும் அவருக்குக் கைவந்த கலை. அதில் அவள் வாயே திறக்கவில்லை. நிறம் என்று வந்தால் அவர் அவள் வாயைப் பார்த்தார். ஒரு கட்டத்தில் அம்மன் அரைத்த மஞ்சளைப் பூசிக் குளித்துவிட்டு வந்தவளாய்ச் சிரித்தாள். ஜெயலெட்சுமி தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண் எரிந்து தண்ணீர் வழிந்தது.

சாம்பிளை அனுப்பிய கொஞ்ச நேரத்திலேயே புவனேஸ்வரனின் குரல் செய்தி வந்தது. "அண்ணே! சூப்பர் லா! புதுக் கார்டு போட்டாச்சா? அம்மன் பேசுறா!"

பிச்சைமுத்து போனை வாயருகில் கொண்டுபோனார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் அவளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"கார்டு ஒண்ணும் போடல தம்பி. கார்டுல கோளாறே இல்ல. என் கண்ணுல புரை. கலர் பூரா ஒங்க லெட்சுமி அக்கா பார்த்துச் சொன்னது. ஆபரேஷன் பண்ணிக்கப்போறேன். அதுக்கப்புறம் வேல கொடுக்குறதும் கொடுக்காததும் ஒங்க இஷ்டம்."

அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். பொய்யே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அவளுக்கு ஒரு நொடி ஆத்திரமாக வந்தது. முப்பது வருஷம் காத்திருந்த தூக்கம் அந்தச் சின்னக் கருவிக்குள் போய்விட்டதே. ஆனால் அவர் தலை குனியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது அந்த ஆத்திரம் நிலைக்கவில்லை.

போன் அதிர்ந்தது.

"அட, மொதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே. எங்கப்பாவுக்கும் பண்ணுனோம், இப்ப பேப்பர் படிக்கிறாரு. பேனரு நீங்கதான். ஆனா ஒண்ணு, ஒங்க கண்ணு சரியாவுற வரைக்கும் அக்கா பார்த்து ஓகேன்னாத்தான் எனக்கு ஓகே."

பிச்சைமுத்து துள்ளி எழுந்தார். "கேட்டியா லெட்சுமி? கேட்டியா?"

கேட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு இன்னொன்றும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு கண்ணும் ஒரே நாளில் ஆகாது. முதலில் சீனி இறங்க வேண்டும், பிறகு ஒன்று, அது ஆறியபின் மற்றது. ஃபேக்டரி இன்சூரன்ஸ் புருஷனுக்கும் செலவு கொடுக்கும், அவள் வேலையில் இருக்கிறவரைக்கும். வருஷக் கடைசி என்ற அந்த நாள் அவள் கண்முன்னாலேயே நழுவித் தள்ளிப்போயிற்று. பகலில் சில்லு, சாயங்காலம் அம்மன். ஓய்வெடுக்க வேண்டிய கண்ணுக்கு ஒன்றுக்கு இரண்டாய் வேலை.

அவள் நோர்மாவைக் கூப்பிட்டு மலாயில் பேசினாள். நிற்பதாகச் சொன்னேனே, அது இப்போது இல்லை, அடுத்த வருஷமும் வருகிறேன் என்றாள். அந்தப் பக்கம் நோர்மா சிரித்து ஏதோ சொன்னாள். ஜெயலெட்சுமி போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிச்சைமுத்துவின் துள்ளல் அடங்கிவிட்டது. அவருக்கும் மலாய் தெரியும். நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தார். அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு கல்யாணமான புதிதில் சிரித்ததுபோல் அசட்டுத்தனமாய்ச் சிரித்தார்.

"ஒண்ணு சொல்லட்டா? ஒரு வருஷமா எனக்கு நீ தெனமும் மஞ்சள் தேய்ச்சுக் குளிச்ச மாதிரிதான் தெரியுற. தகதகன்னு. கண்ணுல புரைய எடுத்துட்டா அது போயிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பின் பின்னாலேயே அழுகையும் வந்தது, அதை அவள் தடுக்கவில்லை.

"போனாப் போவட்டும்," என்றாள். "இந்த மொகத்துல எவ்ளோ அசதி இருக்குன்னு ஒரு நாளாச்சும் பாருங்க."